வேனுக்கு அடியில்

ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள என் வீட்டு சிஸ்டருக்கு,

உன் தையற்காரன் எழுதுவது. ஊரே உன்னை சிஸ்டர் என்று கூப்பிடும்போது, தாலி கட்டியவன் நான் மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் பதினாறு வருடமாகத் தீரவில்லை. கடிதத்தில் எழுதினால் பக்கத்தில் நின்று யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று துணிந்து எழுதிவிட்டேன். இங்கே நானும் மகளும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் நானாகவே அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் மொத்தம் எட்டு வரி. அதில் ஆறு வரி வேனைப் பற்றி. சுரங்க முகாம் ஆஸ்பத்திரியில் உன் ஒப்பந்தம் வருடக் கடைசியோடு முடிகிறது என்றும், அதற்குள் வேன் தகுதிச் சோதனையில் தேறிவிட்டால் ஊருக்கே வந்து, வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கட்டுப் போடும் வேலையை ஆரம்பிப்பாய் என்றும், தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்றும் எழுதியிருக்கிறாய். அடிப்பக்கம் துருப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கீழே கோடு வேறு. நாலு தடவை படித்தேன். நீ வருவதும் வராததும் ஒரு இரும்புத் தகட்டின் கையில் எப்படிப் போனது என்று எனக்குப் புரியவில்லை. உன்னிடம் கேட்கவும் தயக்கம். சரி, தகட்டையே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கிவிட்டேன். வருடக் கடைசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே.

உண்மையைச் சொன்னால், வேனின் மேல்பக்கம்தான் எனக்குப் பழக்கம். நீ போன இந்த மூன்று வருடமும் வாரம் தவறாமல் துடைக்கிறேன். அதற்கு ஓர் அடிப்பக்கம் உண்டு என்பதை நீ எழுதிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். பழைய கோணியை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். இருபத்திரண்டு வயது வண்டி அல்லவா, பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். விரலால் சுரண்டினால் செதில் செதிலாக மூக்கின் மேல் விழுந்தது. எது இருக்க வேண்டிய பொருள், எது விழ வேண்டிய பொருள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

யோசனை கேட்டது என் தப்பு. உன் தம்பி பஸ் ஓட்டுகிறவன் ஆயிற்றே, தெரியும் என்று கேட்டேன். பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிட்டால் துரு கிட்டவே வராது மாமா என்றான். நான் சரி என்று சொல்வதற்குள் ஒரு டப்பாவோடு வந்து பாதி வண்டிக்கு அடித்தும் முடித்துவிட்டான். மறுநாள் காலையில் தெருவில் கறுப்புக் கோடு. எதிர்வீட்டம்மா தன் வாசலை மூன்று தடவை கழுவினார்கள், என்னை ஒரு தடவை நன்றாகவே கழுவினார்கள். பெயின்ட் கடைக்காரர் அதெல்லாம் கூடாது, ரப்பர் கலந்த கறுப்புப் பூச்சு இருக்கிறது, கெட்டியாகப் பூசினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். மெக்கானிக்கிடம் போனேன். இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டே பேசுகிற மனிதர், பாதி வார்த்தை இரும்புக்குத்தான் போய்ச் சேருகிறது. துருவைச் சுத்தமாகச் சுரண்டணும், கழுவணும், நல்லா காயணும், முதலில் சிவப்பு பிரைமர், அதற்கு மேல் கறுப்புப் பூச்சு, அவசரமில்லை, அடுத்த மாதம் கொண்டு வாங்க, நானே செய்து தருகிறேன் என்றார்.

அடுத்த மாதம் வரை பொறுக்க எனக்கு மனசில்லை. இது உனக்காக என் கையால் செய்ய வேண்டிய வேலை என்று தோன்றியது. நீ ஊரில் இருந்தபோது எண்ணெய் மாற்றுவதும் டயர் கழற்றுவதும் நீதான். நான் டார்ச் பிடித்ததோடு சரி. கடையை நாலு நாள் அரைப் பொழுதோடு மூடினேன். உன் தம்பியின் ஆயிலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவே ஒரு நாள் ஆனது. கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டினேன். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். பிரைமர் ஒரு தடவை, கறுப்பு இரண்டு தடவை. கையில் ஒட்டிய கறுப்பு போகாமல் கல்யாணச் சட்டை தைக்க வந்த வாடிக்கையாளரிடம் கையுறையோடு அளவெடுத்தேன். அவர் எனக்கு ஏதோ தோல் வியாதி என்று நினைத்துக்கொண்டார்.

முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஏறும் படி போலப் பெட்டியாக ஓடுகிறதே, அதன் அடியிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். எண்ணினேன், இருபத்திரண்டு. வயதுக்கு ஒன்று. இத்தனை வழியாகவும் சேறும் தண்ணீரும் உள்ளே போனால் துருப் பிடிக்காமல் என்ன செய்யும்? பூச்சு மட்டும் போட்டால் காய்ந்ததும் விட்டுவிடும். அதனால் தடித்த ரெக்ஸினை வட்டம் வட்டமாக வெட்டி, பசை போட்டு ஒட்டி, மேலே இரண்டு தடவை பூச்சு போட்டேன். இப்போது நீ விரலால் தடவினாலும் எங்கே ஓட்டை இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருடம் துணியில் ஒட்டுப் போட்ட கை இது.

நம் மகள், குட்டி வக்கீல், பக்கத்தில் குந்திக்கொண்டு வழக்கம்போல வாதாடினாள். பொத்தானுக்குக் காஜா போட்ட மாதிரி எல்லாம் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் இருக்கிறதே, தெரியாமல் விழுந்த ஓட்டை இப்படியா இருக்கும் என்றாள். ஓட்டை என்றால் ஓட்டைதான், பசையை எடு என்றேன். பதினைந்து வயதில் உன் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

வேனைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
கை இன்னும் கறுப்பாக இருக்கும்
உன் தையற்காரன்

•

புதன்கிழமை, விடாத மழை

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தலைமை நர்ஸ் ஆக்கியிருக்கிறார்கள் என்று படித்ததும் குட்டி வக்கீல் எகிறிக் குதித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தபோது, சந்தோஷப்பட்டது சரிதானா என்று குழம்பிப்போனேன். தனி அறை, ஜன்னலுக்கு வெளியே மரம், கீழே வேலை பார்க்க ஆறு பேர் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அப்புறம் கடைசியில், கையெழுத்துப் போடட்டுமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். வேன் தேறினால் வருகிறேன் என்றவள் இப்போது என்னைக் கேட்கிறாய். வேன் தேறாது என்று யாராவது உனக்கு எழுதினார்களா? உன் தம்பியா?

இங்கே மூன்று வாரமாக மழை. கடைக்குள் துணியே ஈரவாடை அடிக்கிறது. வேனில் ஒரு விஷயம் நடக்கிறது, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திருப்பத்தில் திருப்பினால் களக் என்று ஒரு சத்தம். பிரேக் போட்டால் முன்பக்கம் களக், வண்டி எடுத்தால் பின்பக்கம் களக். முதலில் யாரோ தண்ணீர்க்குடத்தை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். சீட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தேன். ஒரு பாட்டில்கூட இல்லை.

உன் தம்பி டீசல் டேங்க் சத்தம் என்றான். டேங்க் ஏறக்குறையக் காலியாக இருந்த அன்றும் அதே சத்தம் கேட்டது. குட்டி வக்கீல் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் கதவுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று தீர்ப்புச் சொன்னாள். கதவுக்குள் எப்படித் தண்ணீர் போகும்? கீழே இருபத்திரண்டு ஓட்டையையும் அடைத்துவிட்டேனே. அப்படியானால் மேலேயிருந்துதான் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். மேலேயிருந்து வருவதைத் தடுக்க வேண்டியதுதானே, அது நம் தொழிலாயிற்றே.

வேனுக்கு ஒரு மேலுறை தைத்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. கடை வாசலில் வைத்து இஞ்ச் டேப்பால் வேனுக்கு அளவெடுத்தபோது தெருவே கூடிவிட்டது. அதற்கும் கல்யாணமா என்று கேட்டார்கள். மழை இறங்காத தடித்த துணி, இரட்டைத் தையல், கீழே சுற்றிலும் எலாஸ்டிக், கண்ணாடி இருக்கும் இடத்தில் பைப்பிங் வைத்த ஓரம். ஒன்பது நாள் வேலை. போட்டு மூடினால் டயர்கூடத் தெரியாது. மழையில் ஓட்டிவிட்டு வந்ததும் உடனே மூடிவிடுகிறேன், ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை. ஆனால் காலையில் உறையைக் கழற்றினால் வேன் வியர்த்துப் போய் நிற்கிறது. சத்தமும் குறைந்தபாடில்லை. கவனிக்கக் கவனிக்க நோயாளி மோசமாகப் போனால் நர்ஸுகள் என்ன செய்வீர்கள்? தெரிந்தால் எழுது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம்தான். அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சோதனைக்கு முந்தின வாரம் எப்படியும் போகத்தான் வேண்டும், அதுவரை அவர் வாயைத் திறக்க விடாமல் இருப்பது நல்லது என்று படுகிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம். உன் வேலை, உன் படிப்பு, உன் உழைப்பு. போ என்று நான் சொன்னதும் இல்லை, வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை. நீ எப்படிச் செய்தாலும் எனக்குச் சம்மதம். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

மகள் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரமாக அதையேதான் சொல்கிறாள். தாள் எடுத்துக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறாள். பரீட்சை என்கிறாள். எனக்கு இதுவும் புரியவில்லை.

நலம் கோரும்,
உன் தையற்காரன்

•

வெள்ளிக்கிழமை

என் அன்பானவளே,

உன் ஒரு வரிக் கடிதம் வந்தது. "நீங்க எதையுமே சொல்ல மாட்டீங்களா?" அவ்வளவுதான், கீழே கையெழுத்துகூட இல்லை. தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் இன்னொரு தாள் சிக்கியிருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். மூன்று நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நான்தான் எல்லாவற்றையும் உன் விருப்பம் என்று விட்டேனே, இதைவிட ஒருவன் என்ன நல்லவனாக இருக்க முடியும், இவளுக்கு எதற்குக் கோபம் என்று திருதிருவென்று முழித்தேன். இப்போது சொல்கிறேன், கேள். முதலில் வேன்.

வேன் தேறாது.

நேற்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி, விளக்கைத் தூக்கிப் பார்த்தார். பூச்சு அழகா இருக்கே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, நானே செய்தது என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் இடதுபக்கக் கதவுக்குக் கீழே அந்தப் பெட்டியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் தண்ணீர். தேநீர் நிறத்தில் ஊற்றியது. அவர் வாளியைக் கொண்டு வரச் சொன்னார், ஒரு வாளி நிறைந்து இன்னொன்றும் வைக்க வேண்டியிருந்தது. பூச்சு கறுப்பாகப் பளபளவென்று அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் இரும்பே இல்லை.

வாளிக்குள் என் ரெக்ஸின் வட்டம் ஒன்று மிதந்தது. அதை எடுத்து விரலில் வைத்துக்கொண்டு இது யார் வேலை என்று கேட்டார். நான்தான் என்றேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறதே என்று அடைத்தேன் என்று விளக்கமும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பள்ளத்திலிருந்து ஏறி வந்து, கையைத் துடைத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார்:

"டெய்லர் சார், தண்ணி உள்ள வர்றத யாராலயும் தடுக்க முடியாது. கண்ணாடி இடுக்குல இறங்கும், கதவு வழியா இறங்கும், வண்டின்னா வரத்தான் செய்யும். அது வெளிய போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் அந்த ஓட்டைய போட்டு வச்சிருக்கான். நீங்க போக விடாம புடிச்சு வச்சிட்டீங்க."

அவருக்கு இப்படி ஒருவன் செய்வான் என்று தோன்றவே இல்லையாம், தோன்றியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாராம். நியாயம்தான். முப்பது வருடமாக ஓட்டையைக் கண்டால் அடைப்பதற்குத்தானே என்னிடம் ஆள் வருகிறது. திறந்திருப்பதுதான் அதன் வேலை என்று ஓர் ஓட்டை இருக்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? மேலுறையைப் பற்றிச் சொன்னபோதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஈர வண்டியை மூடி வைத்தால் ஈரம் எங்கே போகும் என்றார். சும்மா வெயிலில் விட்டிருந்தால்கூட இன்னும் நாலு வருடம் ஓடியிருக்கும் என்றார். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இனி இரண்டு பக்கமும் அறுத்து எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இந்த முறைச் சோதனைக்கு ஆகாது. எப்போது ஆகும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார். அறுத்துப் பார்த்தால்தான் எது மிச்சம் என்று தெரியுமாம். வேன் அங்கேயே நிற்கிறது.

வரும் வழியில் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. வேன் நன்றாக இருக்கிறது, சோதனை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். நீ வந்து இறங்கிய பிறகு தெரிந்தால் தெரியட்டும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் உன் ஒரு வரி பையிலேயே இருந்தது. எழுத வரவில்லை.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள். நீ போனபோதுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. வண்டி சரியாகிவிடும் என்று ஏதோ உளறினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வண்டிக்கு யாருப்பா அழுவாங்க? அம்மா வேணும்னு நீங்க ஒரு தடவகூட எழுதலியே. நீங்க எழுதாம நான் எப்படி எழுதறது?"

இத்தனை வாரமாக அவள் வாங்கி வைத்த தாள்களைக் காட்டினாள். ஐந்து தாள். எல்லாவற்றிலும் அன்புள்ள அம்மா என்று இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அப்பா உன் விருப்பம் என்று எழுதியிருக்கும்போது தான் வா என்று எழுதினால் உனக்குக் கஷ்டமாக இருக்குமாம். அந்தத் தாள்களை அவளிடமே திருப்பிக் கொடுத்து, நான் எழுதுகிறேன், நீயும் எழுது என்றேன்.

நான் பொய் எழுதினேன். எனக்குச் சம்மதம் என்று எழுதியது பொய். குறுக்கே நிற்க மாட்டேன் என்றது பெருந்தன்மை இல்லை, பயம். தனி அறையும் மரமும் உனக்குப் பிடித்துப்போய், நான் வா என்று கூப்பிட்டு நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன்? கூப்பிடாமலே இருந்துவிட்டால் அந்தப் பதிலைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா. வேன் தேறினால் நீ தானாக வந்துவிடுவாய், என் வாயால் கேட்க வேண்டாம் என்றுதான் அத்தனை பூச்சும் பூசினேன் போலிருக்கிறது. நீயும் அதையே எதிர்பார்த்துத்தான் வேனைப் பிடித்துக்கொண்டு எழுதினாயா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் இத்தனை மாதமாகத் தகட்டைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம்.

ஆகவே கேட்டுக்கொள். வேன் ஓடாது. எப்போது ஓடும் என்று தெரியாது. அதைக் கெடுத்தது நான். நீ வா.

தலைமை நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். நீ யோசித்து, முடியாது என்று சொன்னால் அதையும் வாங்கிக்கொள்வேன். கோபப்பட மாட்டேன் என்று மட்டும் இந்தத் தடவை எழுத மாட்டேன், படுவேன். ஆனால் நான் கேட்கவில்லை என்று மட்டும் இனி இருக்கக் கூடாது. உன் குரல் இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவில்லை. உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. மகளின் தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதில் கீழேயும் எழுதியிருக்கிறாள், நான் படிக்கவில்லை.

தபால் செவ்வாய்க்கிழமை கிளம்பும் என்கிறார்கள். உன் கைக்கு வரும்போது கையெழுத்துப் போட இன்னும் மூன்று நாள் இருக்கும். போடாதே. நீ கட்டுப் போட வேண்டியவர்கள் நம் கடையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே எட்டுப் பேர் இருக்கிறார்கள், நேற்று மாலை நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். சிஸ்டர் வருவாங்களா என்று எல்லோரும் கேட்டார்கள். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நாலு வீடு, மாலையில் நாலு வீடு. நீ முன்னால் நட. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வருகிறேன்.

உன் வரவை நினைத்து,
உன் கணவன்